மலைநாட்டு குளிரே போதுமா? கரண்ட் போனா பிரிட்ஜை என்ன செய்யிறது

கேள்வி, நுவரெலியா வாசகர் ஒருத்தர்:
நம்ம ஊரு குளிருக்கு கரண்ட் போனா என்ன வந்தா என்ன. ஜன்னலை தொறந்து விட்டா வீடே பிரிட்ஜ்தான். புயலுக்கு அஞ்சு நாள் கரண்ட் இல்ல, சமைச்ச கோழிய சட்டியோட குசினியில வச்சி மூனு நாள் சாப்பிட்டோம், ஒன்னும் ஆகல. இதுக்கெல்லாம் கொழும்பு ஆளுங்கதான் பயப்படணும். சரிதானே?

2025 டிசம்பர் 8, ராத்திரி

சரியில்ல அண்ணா. ஒன்னும் ஆகாம தப்பினது உங்க நல்ல நேரம், அத வச்சி மத்தவங்களுக்கு சொல்லாதீங்க. நான் தலவாக்கலை பக்கம் தோட்டத்துல இருக்கேன், உங்க அளவுக்கு குளிர் இல்ல, ஆனா குளிர்தான். மகனோட ஸ்கூல் வேலைக்கு வாங்கின தெர்மோமீட்டர் ஒன்னு வீட்டுல கெடந்திச்சி, கரண்ட் இல்லாத நாள் அத குசினி சுவத்துல மாட்டி பாத்தேன். விடிய 5 மணிக்கு 14 டிகிரி, பகல் 1 மணிக்கு 21. பிரிட்ஜுக்குள்ள இருக்க வேண்டியது 4, கூடிப்போனா 5. நமக்கு கை விறைக்கிது, கிருமிக்கு விறைக்கல. 14ல மெதுவா பெருகும், 21ல வேகமா பெருகும், ஒரு நாளும் நிக்காது. நுவரெலியா 1868 மீட்டர் உயரம்னாலும் வருஷ சராசரி 16 டிகிரி கிட்டதான். தை மாசம் புல்லுல பனி வெள்ளையா உறைஞ்சி கெடக்கிற அன்னைக்கும் பகல்ல வெயில் அடிக்கும் தானே.

வழி சின்னதுதான். கரண்ட் போனதும் கதவை மூடுங்க, மூடினா மூடினதுதான். தொறக்காம விட்டா கீழ் தட்டுல உள்ளது 4 மணித்தியாலம் தாங்கும். ப்ரீசர் நிறைஞ்சி இருந்தா 48 மணித்தியாலம், பாதி இருந்தா 24. அதுக்கு மேல போனா இறைச்சி, மீன், பால், தேங்காப்பால் ஊத்தின கறி, சோறு எல்லாத்தையும் கொட்டிறணும். மணந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, வயித்த கலக்குற கிருமி எல்லாம் மணக்காது.

டிசம்பர் 8, கொஞ்சம் கழிச்சி

மேல எழுதினதுல ஒன்னு விட்டுப்போச்சி. எதை எல்லாம் கொட்ட தேவையில்லனும் சொல்லணும் இல்லையா, இந்த விலைவாசியில எல்லாத்தையும் கொட்டு கொட்டுனா யாரு கேப்பா. கரட், லீக்ஸ், போஞ்சி, பீட்ரூட், பச்ச மிளகாய், தேசிக்கா, ஊறுகாய், ஜாம், மாஜரின், முட்டை இதெல்லாம் நம்ம குளிருக்கு வெளிய இருந்தாலே போதும். கடையில முட்டை வெளியதான் இருக்கு, கரட் சந்தையில சாக்குலதான் கெடக்கு. இதுல மட்டும் நீங்க சொன்ன குளிர் நமக்கு உதவுது, அத ஒத்துக்கிறேன்.

டிசம்பர் 9

எங்க வீட்டுல என்ன நடந்திச்சினு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. சொல்றேன், நீளமா வரும்.

டித்வா புயல் வந்தது நவம்பர் 27, 28. எங்க பக்கம் 27 பொழுதுபட கரண்ட் போச்சி. கருப்புத் தேயிலைய குடிச்சிட்டு விடிஞ்சா வந்திரும்னு படுத்தோம். என் பிரிட்ஜ் சீட்டு பணத்துல வாங்கினது, ஒத்தைக் கதவு, மேல சின்னதா ஒரு ஐஸ் பெட்டி. அன்னைக்கு காலையிலதான் மீன்காரர் மோட்டர் சைக்கிள்ல வந்தார்னு ஒரு கிலோ சாளை வாங்கி பாதிய சுத்தம் பண்ணி உள்ள வச்சிருந்தேன். மாமாவுக்கு, வீட்டுக்காரரோட அப்பாவுக்கு, சீனி வருத்தம். அவரோட இன்சுலின் போத்தல் கதவு தட்டுல எப்பவும் இருக்கும்.

கரண்ட் போனதும் எனக்கு மருந்து நெனப்புதான் வந்திச்சி, மீன் இல்ல. இன்சுலின் குளிர்ல இருக்கணும்னு தெரியும், குளிர் எங்க கூட இருக்கோ அங்க வைப்போம்னு ஐஸ் பெட்டிக்குள்ள ஐஸ் தட்டுக்கு மேல வச்சிட்டேன். அப்ப அது இன்னும் நல்லா உறைஞ்ச குளிர்ல இருந்திச்சி.

28 காலையில மேட்டுப்பக்கம் மண் வெடிப்பு விட்டிருக்குனு சொல்லி எல்லாரையும் ஸ்கூலுக்கு எறங்க சொன்னாங்க. மழைக்குள்ள பிள்ளைகளையும் மாமாவையும் கூட்டிக்கிட்டு ஓடுற நேரம் இன்சுலின மட்டும் எடுத்தேன், பிரிட்ஜை திரும்பி பாக்கல. ஸ்கூல்ல வச்சி உள்ளங்கையில போத்தல உருட்டுறேன், அந்த மருந்து பால் மாதிரி ஒரே சீரா கலங்கணும். கலங்கல. கண்ணாடி உள்பக்கத்துல அரிசிக்குருணை மாதிரி வெள்ள வெள்ளயா ஒட்டிக்கிட்டு நின்னிச்சி. குளிருக்கு அப்படி இருக்குதுனு நெனச்சி ரெண்டு வேளை குத்திட்டோம். மறுநாள் மாமாவுக்கு நாக்கு வறண்டு ஒரே தண்ணி தாகம், ஸ்கூலுக்கு வந்த நர்ஸ் மிஸ் விரல்ல குத்தி பாத்தா சீனி 340. போத்தல வாங்கி வெளிச்சத்துல புடிச்சி பாத்தவங்க கேட்ட முதல் கேள்வி, "இத ப்ரீசர்ல வச்சீங்களா?"

உறைஞ்ச இன்சுலின் திரும்ப உருகினாலும் வேலைக்கு ஆகாது. தூக்கி போடணும். நர்ஸ் மிஸ்தான் வேற போத்தல் எடுத்து தந்தாங்க. அவங்க சொன்னத அப்படியே எழுதுறேன்: தொறக்காத போத்தல் 2 முதல் 8 டிகிரியில இருக்கணும், பாவனையில இருக்கிறது 25 டிகிரிக்கு கீழ வெளிய இருந்தா பொதுவா 4 கிழமை வரைக்கும் பழுதில்ல, வெயிலும் அடுப்புச் சூடும் படக்கூடாது, உறையவே கூடாது. அந்த போத்தல் அப்பிடியே பிரிட்ஜ் கதவுலயோ குசினி அலுமாரியிலயோ இருந்திருந்தா ஒன்னுமே ஆகியிருக்காது. நான் பாசத்துல செஞ்சதுதான் மாமாவுக்கு வினையா வந்திச்சி. இத எழுதுறதே இன்னொரு வீட்டுல நடக்கக்கூடாதுனுதான். உங்க வீட்டு மருந்துக்கு எத்தனை நாள்னு பெட்டிக்குள்ள இருக்கிற தாள்ல பாருங்க, இல்லாட்டி கிளினிக்ல கேளுங்க, ஒவ்வொன்னுக்கும் வித்தியாசம் இருக்கு.

டிசம்பர் 11

மாமா எப்பிடினு கேட்டவங்களுக்கு: நல்லா இருக்கார். காலையில ரொட்டியும் சம்பலும் கேட்டு சண்டை புடிச்சார், அப்ப சுகம்தான்.

ஒரு திருத்தம் எழுதணும். 48 மணித்தியாலம், 24 மணித்தியாலம்னு முதல் நாள் எழுதினேனே, அது தனியா கதவு உள்ள ப்ரீசருக்கு. என்னுது மாதிரி ஒத்தைக் கதவு பிரிட்ஜுக்குள்ள இருக்கிற சின்ன ஐஸ் பெட்டிக்கு அந்த கணக்கு பொருந்தாது. அதோட மூடி ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் தகடு, கீழ்க்கதவ தொறந்தா அதுக்குள்ளயும் சூடு போகுது. 2022 மார்ச் கடைசில நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினப்ப நான் பாத்திருக்கேன், ஏழெட்டு மணித்தியாலத்துலயே ஐஸ் தட்டு தண்ணி ஆகி கீழ கீரைக்கட்டு மேல சொட்டும். ஒத்தைக் கதவு வச்சிருக்கவங்க மேல உள்ள மீனை ஒரு பகலுக்கு மேல நம்பாதீங்க.

இறைச்சியோ மீனோ உள்ள இன்னும் ஐஸ் துகள் இருந்து கல்லு மாதிரி கெட்டியா இருந்தா திரும்ப உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான். இளகி தொளதொளனு ஆகிட்டா, எப்ப இளகிச்சினு தெரியாட்டி, விட்டிருங்க. அத சமைச்சா கிருமி செத்திரும்தானேனு ஒரு தம்பி கேட்டிருக்கார். கிருமி சாகும் தம்பி, சில கிருமி சாகுறதுக்கு முன்னுக்கு கக்கி வைக்கிற நஞ்சு கொதிச்சாலும் போகாது. சோத்துல வர்றது அந்த ஜாதிதான்.

டிசம்பர் 15

இப்ப நாத்தத்தப் பத்தி. டிசம்பர் 5 வீட்டுக்கு திரும்பினோம், 8 நாள். கதவை தொறந்ததும் வீட்டுக்காரர் இஸ்தோப்புக்கு (வெளித் திண்ணைக்கு) ஓடிட்டார். சாளை மீன் தண்ணியா ஆகி தட்டுத்தட்டா வடிஞ்சி காய்கறி டிராயர்ல தேங்கி நின்னிச்சி. மூக்குல துணிய கட்டிக்கிட்டு எல்லாத்தையும் பொலித்தீன்ல சுத்தி குழி தோண்டி பொதைச்சோம், நாய் கிளறாத ஆழத்துக்கு. தட்டு எல்லாம் தண்ணிப் பீலிக்கு கொண்டு போய் சவர்க்காரம் போட்டு தேச்சேன். உள்பக்கத்த சுடுதண்ணியில அப்பச் சோடா கரைச்சி தொடைச்சி, தேசிக்கா தோலால தேச்சி, கதவை தொறந்து ரெண்டு நாள் காத்தாட விட்டேன். கதவு ரப்பர் மடிப்புக்குள்ள கறுப்பா பூஞ்சணம் புடிச்சிருந்திச்சி, அதுக்கு பழைய டூத் பிரஷ்தான் சரி.

அப்பவும் நாத்தம் போகல. மூனாவது நாள் மெயின்ல பிளக்க கழட்டி பிரிட்ஜை சுவத்த விட்டு இழுத்து பின்னுக்கு டோச் அடிச்சி பாக்குறேன், கம்ப்ரசருக்கு மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு. உள்ள உருகுற தண்ணி குழாய் வழியா வந்து அதுலதான் விழுமாம், கம்ப்ரசர் சூட்டுல காயுமாம். பிரிட்ஜ் வாங்கி ஆறு வருஷம், அப்படி ஒன்னு இருக்கிறதே எனக்கு தெரியாது. மீன் தண்ணி பூரா அங்க இறுகி பசை மாதிரி கெடந்திச்சி. அத சுரண்டி கழுவின பிறகுதான் வீடு வீடாச்சி. நாத்தம் போகலனு சொல்ற எல்லாரும் முதல்ல பின்னுக்கு பாருங்க.

மிச்ச வாடைக்கு ஒரு கிண்ணத்துல காய்ஞ்ச தேயிலைத் தூள், இன்னொன்னுல அடுப்புக்கரி. ரெண்டும் நம்ம வீட்டுல காசில்லாம கெடைக்கிறது. குளோரினையும் வினாகிரியையும் சேத்து மட்டும் ஊத்திறாதீங்க, மூச்சு அடைக்கிற வாயு கெளம்பும்.

டிசம்பர் 28

கரண்ட் திரும்ப வர்ற நேரத்தப் பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, ஒருத்தருக்கு பிரிட்ஜ் போர்டே எரிஞ்சி போச்சாம். எங்க லயத்துலயும் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஒரு வீட்டுல அப்படி ஆச்சி. கரண்ட் போனதும் பிளக்க கழட்டிருங்க. நம்ம பக்கம் லைன் மேல மரம் விழுந்து சரி பண்ணுற நேரம் கரண்ட் வரும், போகும், திரும்ப வரும், லைட் ஒரு நேரம் செவப்பா எரியும் ஒரு நேரம் பளீர்னு எரியும், அந்த ஆட்டத்த கம்ப்ரசர் தாங்காது. 230 வோல்ட்ல ஓட வேண்டியது அது. வந்த பிறகு லைட் சீரா எரியிதானு ஒரு 10 நிமிஷம் பாத்து பிளக்க சொருகுங்க. அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நின்ன உடனே திரும்ப போட்டா குழாய்க்குள்ள அழுத்தம் ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் கொறைய நிக்கும், கம்ப்ரசர் அத தள்ளி எழும்ப முடியாம முக்கும். டக், டக்னு சத்தம் கேட்டிருப்பீங்களே, அதுதான்.

ஐப்பசி, சித்திரை இடி மின்னலுக்கும் இதே கதைதான். கரண்ட் ஆட்டத்துல இருந்து காக்குற பிரிட்ஜ் கார்ட் (guard) போட்டிருந்தா அது தானா நேரம் எடுத்துதான் விடும், ஆனா மின்னலுக்கு நான் அதையும் நம்பல, கழட்டிருவேன்.

2026 ஜனவரி 6

ராத்திரியில பிரிட்ஜை நிப்பாட்டி காலையில போட்டா பில்லு கொறையும்னு பதுளை அக்கா சொல்றாங்க. எங்க லயத்துலயும் பாதிப் பேர் அப்படித்தான். 2023 பெப்ரவரியில கட்டணம் 66 சதவீதம் கூடினதுல இருந்து வந்த பழக்கம், கோவிக்க முடியாது, 60 யூனிட்ட தாண்டினா பில்லு எந்த பாய்ச்சல் பாயுதுனு எல்லாருக்கும் தெரியும்.

நானும் ஒரு மாசம் செஞ்சி பாத்தேன், மீட்டர ஒவ்வொரு நாளும் கொப்பியில எழுதி. மிச்சம் ஆனது மாசத்துக்கு 2 யூனிட் கூட வரல. ராத்திரி ஏறின சூட்ட காலையில எறக்க கம்ப்ரசர் விடாம ஓடுது. அதுவும் நம்ம ராத்திரி குளிர்ல அது எப்படியும் கொஞ்சம்தான் ஓடும். அதுக்காக ஒவ்வொரு நாளும் பால ஏத்தி எறக்குறது எனக்கு சரியா படல அக்கா. ஐஸ் பெட்டியில ஐஸ் விரல் தடிப்புக்கு ஏறினா உருக வைங்க, கத்தியால குத்தாதீங்க, குழாய் ஓட்டையானா பிரிட்ஜே போச்சி. சுவத்துக்கும் பிரிட்ஜுக்கும் ஒரு கை அகலம் விடுங்க. கதவுக்கு நடுவுல ஒரு நூறு ரூபா தாள வச்சி மூடி இழுத்து பாருங்க, லேசா வந்திச்சினா ரப்பர் போச்சி. யூனிட் போறது அந்த இடுக்குலதான்.

ஜனவரி 13

பொங்கலுக்கு ஊருக்கு போறவங்க கேக்குறாங்க. ரெண்டு மூனு நாளுன்னா ஓட விட்டுட்டு போங்க, சீக்கிரம் கெடுற சாமான மட்டும் முடிச்சிருங்க. ஒரு மாசம் கொழும்புல மகள் வீட்டுல நிக்கப் போறீங்கனா எல்லாத்தையும் எடுத்து, ஐஸ உருக்கி, துவாயால ஈரம் போக தொடைச்சி, பிளக்க கழட்டி, கதவை தொறந்து விட்டுட்டு போங்க. மூடிட்டு போனா வந்து பாக்குற நேரம் உள்ள பூசணம் தோட்டம் போட்டிருக்கும், நம்ம பக்கத்து ஈரத்துக்கு ஒரு கிழமையே போதும்.

போகும்போது ஓட விடுறவங்க ஒரு காரியம் செய்யிங்க. யோகட் கப்புல தண்ணி உறைய வச்சி அதுக்கு மேல ஒரு அஞ்சு ரூபா காச வச்சிட்டு போங்க. வந்து பாக்குற நேரம் காசு மேலயே இருந்தா கரண்ட் பெருசா போகல. அடியில இருந்தா எல்லாம் உருகி திரும்ப உறைஞ்சிருக்கு, மீனு பாக்க கல்லு மாதிரி இருந்தாலும் தொடாதீங்க. கீழ் தட்டு எப்படி இருந்திச்சினு காசு சொல்லாது, அதையும் சொல்லிறணும்.

ஜனவரி 14

தொறந்து விட்டு போங்கனு எழுதினது பாதிதான். ஒரு அண்ணா சொன்ன பிறகுதான் எனக்கு ஒறைச்சிச்சி, லயத்துல பிள்ளைகள் ஓடி ஒளிஞ்சி வெளையாடுறது. ஆள் இல்லாத வீடு, தொறந்த பிரிட்ஜ், நெனக்கவே ஒடம்பு நடுங்குது. தொடைச்ச தட்டுகள திரும்ப உள்ள போடுங்க, யாரும் நொழைய எடம் இருக்காது. கதவு இடுக்குல ஒரு துணிய சுருட்டி வச்சி ரெண்டு விரல் அளவு எடம் விட்டு, வெளிய கயிறால சுத்தி கட்டிருங்க.

ஜனவரி 25

நுவரெலியா அண்ணா திரும்ப வந்திருக்கார், இந்த தடவ கேள்வியோட: கரண்ட் இருக்கு, பிரிட்ஜ் ஓடுது, ஆனா ப்ரீசர்ல ஐஸ்கிரீம் இளகுது. வந்த மெக்கானிக் காஸ் எறங்கிருச்சினு புதுசா காஸ் அடிச்சிட்டு போனாராம், திரும்பவும் அப்படித்தானாம்.

அண்ணா, பிரிட்ஜ் எங்க வச்சிருக்கீங்க? இஸ்தோப்புலயா? உள்ளயோ பின்னுக்கோ ஒட்டியிருக்கிற லேபல்ல கிளைமேட் கிளாஸ்னு ஒரு எழுத்து இருக்கும், பாருங்க. டி (T) னா சுத்தி இருக்கிற காத்து 16 முதல் 43 டிகிரி வரைக்கும்தான் அது ஒழுங்கா வேலை செய்யும். எஸ்டி (ST) யும் 16ல இருந்துதான். எஸ்என் (SN) னா 10 வரைக்கும் தாங்கும். சூடான ஊருக்குனு செஞ்சது நுவரெலியா ஜனவரி ராத்திரியில 9 டிகிரியில நின்னா என்ன ஆகும்? நெறைய மாடல்ல சூட்ட பாக்குற கருவி கீழ் பக்கத்துலதான் இருக்கு. கீழ ஏற்கனவே குளிரா இருக்கு, கம்ப்ரசர் ஓட வேண்டியதில்லனு அது முடிவு பண்ணிரும். கம்ப்ரசர் ஓடலனா மேல ப்ரீசர் இளகும். காஸ்ல ஒரு பிழையும் இருந்திருக்காது.

இழுத்து குசினிக்குள்ள அடுப்புச் சுவத்து பக்கமா வைங்க, அடுப்புக்கு ஒட்டி இல்ல, அந்த அறைக்குள்ள. குமிழிய ஒரு எண் கூட்டி பாருங்க.

இந்த இழையோட முதல் கேள்விக்கு இதுவும் பதில்னு நெனக்கிறேன். வெளிய குளிர் கூடினா உள்ள குளிர் கூடும்னு இல்ல.

பெப்ரவரி 2

நாங்க வீடு மாறிட்டோம். மண் சரிவு பாத்து எழுதினவங்க அந்த லயத்துல இனி இருக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. நேத்து கொட்டகலை பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தோம். நாலு தலைமுறை இருந்த காம்பிரா, மாமா கதவு நிலைய தொட்டு கும்புட்டுட்டுதான் எறங்கினார். அதப் பத்தி இப்ப எழுத முடியல.

பிரிட்ஜ் கதை: லொறியில நிமுத்தி கட்டணும்னு கத்திக்கிட்டே இருந்தேன், மேல கட்டில் கால் இடிக்கிதுனு பொடியன்மார் படுக்க போட்டுட்டாங்க. ஒரு மணித்தியாலத்துக்கு கிட்ட படுத்துக்கிட்டு வந்திருக்கு. கம்ப்ரசருக்குள்ள எண்ணெய் இருக்கு, படுக்க போட்டா அது குளிர் போற குழாய்க்குள்ள ஓடிரும், ஒடனே போட்டா எண்ணெய் இல்லாம கம்ப்ரசர் தேயும், குழாயும் அடைக்கலாம். அதனால 24 மணித்தியாலம் கட்டாயம் நிமுத்தி வைக்கணும். இன்னும் போடல. இன்சுலின் ஈரத் துணி சுத்தின மண் குடுவையில இருக்கு, பயமில்லாம.

பெப்ரவரி 3

24 கட்டாயம்னு எழுதினத திருத்துறேன். எங்களுக்கு தெரிஞ்ச, பிரிட்ஜ் திருத்துற பாஸ் ஒருத்தர் வந்து பாத்தார். படுத்து வந்த நேரம் எவ்வளவோ ஆகக் கொறைஞ்சது அவ்வளவு நேரம் நிமுத்தி வச்சா எண்ணெய் எறங்கிரும், ஒரு ராத்திரி விட்டா மனசுக்கு நிம்மதி, ஒரு நாள் முழுக்க படுத்து வந்ததுக்குத்தான் 24 மணித்தியாலம்னார். நிமுத்தியே கொண்டு வந்தா ரெண்டு மூனு மணித்தியாலம் போதுமாம். இன்னொன்னும் காட்டினார், பின் லேபல்ல ஆர் 600ஏ (R600a) னு போட்டிருக்கு. அது எரியிற காஸ், நம்ம சமையல் காஸுக்கு சொந்தக்காரன். ஏத்தி எறக்குற நேரம் பின் குழாய் எங்கயாவது நசுங்கி காஸ் மணமோ எண்ணெய் கசிவோ தெரிஞ்சா பிளக்கே போடாம ஜன்னல தொறந்து ஆளக் கூப்பிடுங்க.

திருத்தத்துக்கு திருத்தம், ரெண்டு மணித்தியாலம் கழிச்சி எழுதுறேன்: அந்த காஸுக்கு மணம் இல்லையாம், சமையல் காஸுக்கு மணம் சேக்குறாங்க, இதுக்கு சேக்குறதில்ல. அதனால மணத்த நம்பாதீங்க. குழாய் வளைஞ்சிருக்கா, எண்ணெய் ஈரம் இருக்கானு கண்ணால பாருங்க.

போட்டாச்சி. சத்தம் சுத்தமா இருக்கு. சாயந்தரம் மாமா கைய உள்ள விட்டு பாத்து "புடிக்கிதுடி"னார். மகன் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கான்: கரண்ட் இல்லாத நேரம் தொறந்தா அம்மா கத்துவா.

மார்ச் 9

புது வீட்டுல ரெண்டு கிழமைக்கு ஒரு தடவையாவது கரண்ட் போகுது. தலவாக்கலையில மேல் கொத்மலைனு 150 மெகாவாட் நிலையம் இருக்கு, அந்த அணைத் தண்ணிய பாத்துக்கிட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்க, குப்பி விளக்கோட உக்காந்திருக்கிற நேரம் மனசு பொறுக்கிறதில்ல. அது வேற இழைக்கு.

இப்ப நான் வச்சிருக்கிற ஏற்பாடு: ஒன்றரை லீட்டர் சோடா போத்தல் மூனுல தண்ணி, கழுத்துக்கு கீழ வரைக்கும்தான், உறைஞ்சா வீங்கும். ஐஸ் பெட்டிக்குள்ள ரெண்டு படுத்துக்கிட்டு இருக்கும், ஒன்ன பக்கத்து வீட்டு பெரிய ப்ரீசர்ல வச்சிருக்கேன். ஒரு கிலோ ஐஸ் உருகி தண்ணியாகிறதுக்கு எவ்வளவு சூட்ட குடிக்கிதோ, அதே சூட்டுல ஒரு கிலோ பச்சத்தண்ணிய 0ல இருந்து 80 டிகிரிக்கு ஏத்திறலாம். அவ்வளவு வேலை ஒரு போத்தலுக்குள்ள காசில்லாம தூங்குது. கரண்ட் போய் ரெண்டு மணித்தியாலத்துல வராட்டி ஒரு போத்தல எடுத்து பால், இறைச்சி உள்ள தட்டுல வைப்பேன், கதவு தொறக்கிறது அந்த ஒரே தடவதான். நாள் கணக்கா போகும்னு தெரிஞ்சா எல்லாத்தையும் ரிஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்கு மாத்திருவேன், மீன் கடையில சும்மா கேட்டாலே தருவாங்க. பிரிட்ஜை விட அது சின்னது, குளிர் வீணாகாது.

மீன் இறைச்சிய அடுப்புக்கு மேல பரண்ல தொங்க விட்டா என்னனு கேட்ட தம்பிக்கு: எங்க அம்மா ஆட்டு இறைச்சிய உப்பும் மஞ்சளும் தடவி கம்பியில கோத்து அப்படித்தான் உப்புக்கண்டம் போடுவாங்க, ஆனா பங்குனி வெயில்ல. அட மழையில காயாது, மேல பொகை புடிச்சி உள்ள பழுதாகும். மழை நாளுன்னா அன்னைக்கே எல்லாத்தையும் பொரிச்சி பக்கத்து வீடுகளுக்கும் குடுத்து சாப்பிட்டு முடிங்க. புயல் அன்னைக்கு நான் அந்த சாளைய அப்படி செஞ்சிருக்கணும், ஸ்கூல்ல பசியோட அத்தனை பிள்ளைகள் இருந்திச்சி.

ஏப்ரல் 19

நாலு நாள் கொழும்பு போய்ட்டு நேத்து ராத்திரி வந்தோம். பையை எறக்கி வைக்க முன்னுக்கே யோகட் கப்ப எடுத்தேன். காசு மேலயும் இல்ல, அடியிலயும் இல்ல, பாதியில, ஐஸுக்கு நடுவுல சரிஞ்சி நிக்கிது. பக்கத்து வீட்டுல கேட்டா இடையில ஒரு நாள் மத்தியானம் போன கரண்ட் ராத்திரிதான் வந்திச்சினு சொன்னாங்க. ஐஸ் பெட்டியில அரைக் கிலோ கோழி கல்லு மாதிரி இருந்திச்சி. வீட்டுக்காரர் பாதிதானே எறங்கியிருக்குனார். நான் காச அவர் கையில வச்சிட்டு கோழிய எடுத்து வெளிய போட்டேன். கீழ பால் பாக்கெட்டும் போச்சி. கரட்டும் தேசிக்காயும் மாஜரினும் இருக்கு, இன்சுலின் குசினி அலுமாரியில இருந்திச்சி, உருட்டி பாத்தேன், சீரா கலங்குது.

கப்புக்கு புதுசா தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்.